எட்டுப் போட்ட பெல்ட்

1998ஆம் வருஷம் ஆடி மாதத்தில் தண்டையார்பேட்டையில் ஒரு புல்வெட்டும் வண்டி, புல்லை வெட்டுவதற்குப் பதிலாக முளைக்க வைத்தது. அதே வாரத்தில் காசிமேட்டில் வஞ்சிரம் விலை இறங்கியிருந்தது. குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பாரிமுனைக்குப் போகும் பேருந்துகள் வழக்கம்போல நடுவழியில் நின்றன. டீக்கடையில் இவை எல்லாவற்றையும் பேசினார்கள், புல் முளைத்ததையும் பேசினார்கள். அதற்கென்று யாரும் குரலை உயர்த்தவில்லை.

வண்டி ஞானத்தினுடையது. அவர் விம்கோ நகர்ப் பக்கம் இருந்த ஒரு தொழிற்சாலையில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். அந்தத் தொழிற்சாலையின் முகப்பில், கேட்டிலிருந்து ஆபீஸ் வாசல்வரை, அருகம்புல் வெளி ஒன்று இருந்தது. வியாழக்கிழமை தோறும் அவர் அதை வெட்டினார். மனைவி இறந்த வாரத்து வியாழன் ஒன்றைத் தவிர மற்ற எல்லா வியாழனும் வெட்டினார். அந்த வேலைக்கு அவருக்கு ஒரு குட்டி டிராக்டர் கொடுத்திருந்தார்கள். தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் எந்தத் தேசத்திலிருந்தோ மரப்பெட்டியில் கப்பலேறி வந்தது அது. இடுப்பு உயரம், ஒற்றை சிலிண்டர், கயிற்றைச் சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். அதனோடு மாட்டிக் கழற்றும் உருப்படிகளும் வந்திருந்தன. வயிற்றின் கீழே மாட்டும் புல்வெட்டுத் தட்டு, பின்னால் மாட்டும் ஒற்றைக் கலப்பை, முன்னால் மாட்டும் மண் தள்ளும் பலகை, பிறகு எதற்கென்று யாருக்குமே தெரியாத ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் முறுக்கிய தகடு ஒன்று சுழலும். மேலே தும்பிக்கை மாதிரி வளைந்த குழாய் இருக்கும். தொழிற்சாலையை மூடியபோது பிரிவுபசாரமாக ஆளுக்கொரு சாமான் கொடுத்தார்கள். வாட்ச்மேனுக்குச் சுவர்க்கடிகாரம், டைப்பிஸ்ட் அம்மாவுக்கு மேஜை விசிறி, ஞானத்துக்கு டிராக்டர். இப்படியாக, வெட்டப் புல் இல்லாதவரிடம் புல்வெட்டும் வண்டி வந்து சேர்ந்தது. ஞானம் அதை ஆண்டவர் கொடுத்ததாக எடுத்துக்கொண்டார். திருவொற்றியூர்க் கடலோரத்தில் தாம் குடியிருந்த குப்பத்துக்கு ஓட்டிவந்து, ரகுபதி வீட்டை ஒட்டித் தார்ப்பாயால் மூடி வைத்தார்.

ரகுபதி விசைப்படகுக்குப் போகிறவர். அவர் மனைவி முத்தம்மா கூடை சுமந்து மீன் விற்பவள். ஞானம் தனிக்கட்டை என்பதால் அவள் குழம்பு வைக்கும் அன்றெல்லாம் ஒரு கிண்ணம் அவருக்கும் போகும். யாருக்கும் தெரியாத அந்தப் பெட்டியை முதலில் புரிந்துகொண்டவர் ரகுபதிதான். சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இது படகுக்கு ஐஸ் வாரிப் போடுகிற மிஷின் என்று சொல்லிவிட்டார். மீன்பிடி துறைமுகத்துக்குக் கொண்டுபோய், ஐஸ் பாரை உடைத்துத் தூளாக்கி அதன் முன்னால் கொட்டினார்கள். தும்பிக்கை வழியாக ஐஸ் பறந்து படகின் அடியறைக்குள் நேராகப் போய் விழுந்தது. சில மாதங்கள் கழித்துக் குளிர்தேசத்து மாலுமி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊரில் இதை வைத்துத்தான் தெருவில் விழுந்த பனியை வாரி எறிவோம் என்று கை ஜாடையில் சொன்னார். "அதத்தான நாங்களும் செஞ்சிகினு கீறோம்" என்றார் ரகுபதி. மாலுமிக்கு ஒரு வஞ்சிரத் துண்டு பொரித்துக் கொடுத்தார்கள்.

ஐஸ் வேலையில் வண்டிக்கு உப்பு ஏறிவிட்டது. அந்த நேரம் பார்த்து ராயபுரத்தில் ஒரு பங்களாவில் புல் வெட்ட ஆள் வேண்டும் என்று ஞானத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவர் வண்டியைத் தண்டையார்பேட்டைக்கு டில்லிபாபுவின் பட்டறைக்கு ஓட்டிப் போனார். டில்லிபாபு வியாசர்பாடிக்காரர், மாவு மில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். பட்டறையில் எல்லாம் கிரீஸ் படிந்திருக்கும், சுவரில் இருக்கும் புத்தர் படம் மட்டும் தினமும் துடைத்துப் பளிச்சென்று இருக்கும். அவர் கார்புரேட்டரைக் கழற்றி, ஓட்டை விழுந்த மிதவையை ஈயம் வைத்து அடைத்தார். தீப்பொறி கொடுக்கும் பாயிண்டில் பூத்த உப்பைத் தீப்பெட்டி ஓரத்தால் தேய்த்தார். புல்வெட்டுத் தட்டு துருவில் சல்லடையாகியிருந்தது. எண்ணெய் டிரம்மின் மூடியை வெட்டி ஒட்டுப் போட்டார். தேய்ந்த பேரிங்குக்கு ஆட்டோவின் பேரிங் பொருந்தியது. பெல்ட்தான் கிடைக்கவில்லை. பழையது இற்றுப் போயிருந்தது, அந்த நீளத்துக்கு எந்தக் கடையிலும் இல்லை. மாவு மில்லில் கழற்றிய நல்ல பெல்ட் ஒன்று பட்டறையில் தொங்கியது. அது நீளம். நல்ல பெல்ட்டை வெட்ட அவருக்கு மனசில்லை. மில்லில் பெல்ட் நீளமாக இருந்தால் நடுவில் ஒரு முறுக்குக் கொடுத்து எட்டு மாதிரிப் போடுவார்கள். தொய்வும் போகும், பிடிப்பும் கூடும். கல் மாற்றுத் திசையில் சுற்றும்; அதனால் ஒன்றுமில்லை, எந்தப் பக்கம் சுற்றினாலும் மாவு மாவுதான். டில்லிபாபு வாழ்நாள் முழுவதும் செய்துவந்ததையே இங்கேயும் செய்தார். எட்டுப் போட்டு மாட்டினார்.

பட்டறைக்கு எதிரே லாரிகள் நிற்கும் காலி மனை இருந்தது. டீசல் குடித்துக் கறுத்த மண். ஓரத்தில் நாலு தும்பைச் செடி மட்டும் நின்றது. ஞானம் அவற்றை வெட்டிப் பார்க்கலாம் என்று தட்டை இறக்கிக்கொண்டு ஓட்டினார். மனையின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பியவர் பிரேக் போட்டார். வந்த வழியெல்லாம், தட்டின் அகலத்துக்கு, கணுக்கால் உயரத்தில் அருகம்புல் நின்றது. நுனியில் பனித்துளிகூட இருந்தது. அப்போது உச்சிவெயில்.

"டில்லி, இன்னா பண்ணி வெச்சிகீற?" என்று கேட்டார் ஞானம்.

டில்லிபாபு மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தார். "பெல்ட்டு எட்டு போட்டுகீறேன் நைனா. பிளேடு உல்ட்டாவா சுத்துது. வேற ஒண்ணியும் இல்ல."

"உல்ட்டாவா சுத்துனா வெட்டாது, சரி. வளருமா?"

டில்லிபாபு எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "வெட்றதுக்கு உல்ட்டா வளர்றதுதான?"

ஞானம் இறங்கி ஒரு தாளைப் பிடுங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஒரு லாரி ஓட்டுநர் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து அந்தப் புல்லில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இது டீசல் மண்ணின் கோளாறாக இருக்கும், நல்ல மண்ணில் ஒழுங்காக வெட்டும் என்று டில்லிபாபு சமாதானம் சொல்ல, ஞானம் ராயபுரத்துக்குப் போனார். பங்களா அம்மாள் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் உயரம் இருந்த புல் அவர் ஒரு சுற்றுப் போனதும் இடுப்பு உயரம் ஆயிற்று, இரண்டாம் சுற்றில் வண்டியே தெரியவில்லை. அந்த அம்மாள் கோபக்காரி இல்லை. அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து, இன்றைக்கு இது போதும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

ஞானம் தலைகுனிந்து குப்பத்துக்குத் திரும்பினார். தட்டைத் தூக்கிப் பிடிக்கும் நெம்புகோல் வழியில் நழுவி, தட்டு தானாக இறங்கியதை அவர் கவனிக்கவில்லை. கடற்கரை மணலில் நுழைந்து தம் வாசல்வரை ஓட்டிவந்து, வண்டியை நிறுத்திவிட்டு, ஜெபம் செய்துவிட்டுப் படுத்தார்.

அந்த நாட்களில் குப்பத்தைக் கடல் தின்றுகொண்டிருந்தது. முன்பு கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் வலை உலர்த்த இடம் இருந்தது. பிறகு அது போயிற்று. பிறகு முன்வரிசை வீடுகள் போயின, அடுத்த வரிசையும் போயிற்று. மிஞ்சிய வரிசையில் முத்தம்மாவின் வீடு வடகோடிக்கு முந்தியது. அவளுக்கு அந்த வீடு இன்னும் ஒரு பருவம் நின்றே ஆகவேண்டும். எண்ணூரில் கட்டிக்கொடுத்த மகள் நர்மதா முழுகாமல் இருந்தாள். கார்த்திகையில் பிரசவம். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரவேண்டும், தாய்வீடு இருந்தால்தானே வருவாள்? உறவுக்காரர் வீடு இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சொன்னவர்களிடம் முத்தம்மா ஒன்றுதான் கேட்டாள். "ஆஸ்பத்திரிலேர்ந்து புள்ளைய எந்த வூட்டுக்கு இட்டாருவா?"

மறுநாள் காலையில் வாசல் பெருக்க வந்தவள் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்தாள். இரவு அலை ஏறியிருந்தது. இரு பக்கமும் மணலைக் கடல் வழித்துப் போயிருக்க, ஞானத்தின் வண்டி வந்த தடம் மட்டும் வரப்பு மாதிரி உயர்ந்து நின்றது. அதன் மேல் அருகம்புல் தலையாட்டிக்கொண்டிருந்தது. கல்யாணத்தில் ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகு. முத்தம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அதன் மேல் ஏறி நின்று பார்த்தாள், குதித்துப் பார்த்தாள். இடியவில்லை. அன்று மதியம் தப்பைச் சரிசெய்யலாம் என்று டில்லிபாபு ஸ்பானரோடு பஸ் ஏறி வந்தார். முத்தம்மா மீன் வெட்டும் அரிவாள்மணையில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அந்த பெல்ட்டு மேல கைய வெச்சிப் பாருண்ணா."

டில்லிபாபு கையை வைக்கவில்லை. குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

கடலில் வலை போடும் முறைக்குச் சீட்டுப் போடுவது போல, யார் வீட்டு முன்னால் முதலில் ஓட்டுவது என்பதற்கும் குப்பத்தில் சீட்டுப் போட்டார்கள். முத்தம்மாவின் முறை கடைசிக்கு முந்தியதாக வந்தது. கடைசி முறை அவள் பக்கத்து வீட்டுக் காத்தூன் பீவிக்கு. காத்தூன் பீவி நகராட்சி ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். குப்பத்தில் பாதிப் பிள்ளைகளை முதலில் தொட்டவள் அவள்தான். அவளுக்கும் முத்தம்மாவுக்கும் பல வருஷமாகப் பேச்சு இல்லை. காத்தூன் பீவியின் ஆடு ஒன்று முத்தம்மாவின் கல்யாணப் புடவையைக் கொடியிலிருந்து இழுத்து முந்தானையைத் தின்றுவிட்டது. அந்த ஆடு செத்துப் பேரன் ஆடு ஓடிக்கொண்டிருந்தது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

ஆவணி, புரட்டாசி முழுவதும் ஞானம் காலை வேளைகளில் ஓட்டினார். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலைப் படகுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றினார்கள். ஒரு வீட்டு முன்னால் பல தடவை போய்வந்தால் அங்கே மேடு கட்டிப் புல் நின்றது. அலை வந்து அதை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. ஒருநாள் புல்லோடு ஒரு ரப்பர் பந்தும் வந்தது. ஞானம் வண்டியை நிறுத்தி அதை எடுத்துப் பார்த்தார். தொழிற்சாலை மேனேஜரின் மகன் புல்லில் தொலைத்த பந்து. தேடித்தரவில்லை என்று அவர் அதற்காகத் திட்டு வாங்கியவர். இன்னொரு நாள் சீருடைப் பொத்தான் வந்தது. மற்றொரு நாள் வந்த புல்லில் டிசம்பர் பூ வாசம் இருந்தது. அது மனைவி உயிரோடிருந்தபோது மதியச் சாப்பாடு கொண்டுவரும் நாட்களின் வாசம். ஞானம் அன்று வண்டியை மெதுவாக ஓட்டினார். அப்போது அவருக்குப் புரிந்தது. வண்டி தான் வெட்டிய புல்லைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. கடைசியில் வெட்டியது முதலில், முதலில் வெட்டியது கடைசியில். நாம் எடுத்ததெல்லாம் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்பது நல்ல செய்திதான். ஆனால் எடுத்த அளவுதான் இருக்கும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஐப்பசி பிறந்ததும் முத்தம்மாவின் முறை வந்தது. அன்று காலை காத்தூன் பீவி வீட்டுக் கடல்பக்கச் சுவரில் விரிசல் விழுந்திருந்தது. விரல் நுழையும் விரிசல். கிழவி அதில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தாள், ஆடு சாக்கைத் தின்றுகொண்டிருந்தது. முத்தம்மா சிறிது நேரம் அதைப் பார்த்தாள். பிறகு ஞானத்திடம் வந்து, "ஞானண்ணா, மொதல்ல அந்த வூட்ட பாரு. நம்மள்து நாளைக்கு ஆவட்டும்" என்றாள். காத்தூன் பீவியிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. நமக்குப் பெரிய தருமங்கள் செய்ய வாய்ப்பதில்லை. முறையை விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் வாய்க்கும். ஆனாலும் மனிதர்கள் பெரியதற்காகக் காத்திருந்து சின்னதைத் தவறவிடுகிறார்கள். முத்தம்மா தவறவிடவில்லை.

காத்தூன் பீவி வீட்டு முன்னால் புல் மேடு கட்டி எழுந்தது. கடைசிச் சுற்றில் அது நேர்க்கோட்டில் வரவில்லை. வலப்பக்கம் வளைந்து, இடப்பக்கம் நெளிந்து, பாம்பு போன தடம் மாதிரி வந்தது. ஞானம் திரும்பிப் பார்த்துவிட்டு எஞ்சினை அணைத்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் வியாழக்கிழமை, ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாமல் அவர் அப்படித்தான் வெட்டினார். அதற்குப் பிறகு முத்தம்மா வீட்டு முன்னால் எத்தனை முறை போய்வந்தாலும் ஒரு முளைகூட வரவில்லை. மணலில் சக்கரத் தடம் மட்டும் விழுந்தது. சாயங்காலம் அலை அதையும் அழித்தது.

நர்மதா அந்த வாரமே எண்ணூரிலிருந்து வந்துவிட்டாள். கணவன் பிரகாஷ் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் அவளுமாக ஷேர் ஆட்டோவில் இறக்கிவிட்டுப் போனான். வந்தவள் வாசலில் நின்று இரு பக்கமும் பச்சையைப் பார்த்தாள், நடுவில் தன் வீட்டுக்கு முன்னால் வெறும் மணலைப் பார்த்தாள். "இன்னாம்மா, நம்ம வூடு மட்டும் மொட்டையா கீது?" என்றாள். முத்தம்மா பெட்டியை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் காத்தூன் பீவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, யாரிடமும் இல்லை என்பதுபோல ஆட்டைப் பார்த்துச் சொன்னாள்: "என் வூடு பெருசாதான் கீது. பொண்ணு இங்க பெத்துக்கட்டும்." முத்தம்மாவும் ஆட்டைப் பார்த்தே பதில் சொன்னாள். "சொன்னதே போதும்க்கா. தாய் வூடுன்னா தாய் வூடுதான்." பேச்சு அப்படித் திரும்பியது.

ஐப்பசிக் கடைசியில், புல் தேடி ஞானம் முதலில் ராயபுரம் பங்களாவுக்குத்தான் போனார். அங்கே தெரியாமல் கொடுத்துவிட்ட புல்லைத் திருப்பி வெட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. போய்ப் பார்த்தால் அந்த உயரப் புல்லில் தினைக்குருவிகள் கூடு கட்டியிருந்தன. ஒவ்வொரு கூட்டிலும் வெள்ளை முட்டைகள். அம்மாள் வெட்டிக்கொள்ளத்தான் சொன்னாள். ஞானத்துக்கு மனம் வரவில்லை. அங்கிருந்து நேராகத் தண்டையார்பேட்டைக்குப் போய்ப் பட்டறையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். டில்லிபாபுவின் மனைவி ரமாபாய் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தீந்துபூட்ச்சின்னா மறுபடி வாங்கிக்கினு வர்றதுதான?" என்றாள் அவள். "சடையங்குப்பத்துல அக்கா வூட்டாண்ட கோரை ஆளு ஒசரம் நிக்குது. வாய்க்கா அடைச்சிக்கினு வருஷா வருஷம் தண்ணி வூட்டுக்குள்ள. அத்த வெட்டுனா அவ கும்புடுவா."

வெட்டவேண்டுமென்றால் பெல்ட்டின் எட்டைப் பிரித்து நேராக்க வேண்டும். நேராக்கியதை மறுபடி எட்டுப் போட்டால் பழையபடி முளைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. டில்லிபாபு ஸ்பானரோடு குப்பத்துக்கு வந்தபோது முத்தம்மா வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"கழட்டுனா திரும்ப வருமா?" என்று கேட்டாள்.

"தெரியாது தங்கச்சி" என்றார் டில்லிபாபு. பொய் சொல்லவில்லை.

அவள் உள்ளே பார்த்தாள். நர்மதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்தாள். முத்தம்மா கடலையும் பார்த்தாள். "கழட்டு" என்றாள்.

சடையங்குப்பம் தாழ்ந்த பூமி. ரமாபாயின் அக்கா சங்கமித்ரா ஐப்பசி வந்தால் அடுப்பையும் அரிசியையும் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, தானும் அதன் மேல் ஏறிக்கொண்டு மழைக்காலத்தைக் கழிப்பாள். கோரை வாய்க்காலை நிரப்பி நின்றது. ஞானம் ஓட்டினார், டில்லிபாபு பக்கத்திலேயே அரத்தோடு நடந்தார். பிளேடு மழுங்க மழுங்கத் தீட்டினார். சேற்றில் பெல்ட் வழுக்கியபோது மில்லில் செய்வதுபோல் குங்கிலியத் தூள் தூவினார். சக்கரம் புதைந்த இடத்தில் தெருவே வந்து தள்ளியது. கோரையை வெட்டி முடித்ததும் முன்னால் மண் தள்ளும் பலகையை மாட்டி வாய்க்கால் வாயில் சேர்ந்திருந்த வண்டலை ஒதுக்கினார்கள். வெட்டிய கோரையைத் தேடினால் எங்கும் காணவில்லை. ஒரு தாள்கூடத் தரையில் விழவில்லை. வண்டி நின்ற இடத்தில் மட்டும் அடியிலிருந்து தவளைச் சத்தம் வந்தது. தண்ணீர் கொஞ்சம் தயங்கிப் பிறகு வாய்க்காலில் இறங்கி ஓடத் தொடங்கியது. சங்கமித்ரா அடுப்பைக் கட்டிலிலிருந்து இறக்கி எல்லோருக்கும் டீ போட்டாள். நல்ல டீ. ஆனால் அதைக் குடித்து முடிப்பதற்குள் ரேடியோவில் புயல் சின்னம் என்று சொன்னார்கள்.

மணலி நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையில் நின்றன. அந்த வரிசை யாருக்கும் வழிவிடாது, மழைக்கும் விடாது. ஞானத்தின் வண்டி மனிதன் நடக்கும் வேகத்தில் அதன் பக்கத்தில் வந்தது. உள்ளே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. வரிசையின் கடைசியில் நின்ற லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, ஏரியவே ஏத்திகினு போறியா?" என்று கேட்டார். டில்லிபாபு விஷயத்தைச் சொன்னார். ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம், வீட்டுக்கு முன்னால் கோரை வேண்டும். லாரிக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஹாரனை நீளமாக அடித்துச் சக்கரத்தை ஒடித்தார். அந்த ஹாரன் லாரிக்கு லாரி முன்னால் போயிற்று, வரிசை ஓரமாக ஒதுங்கிக்கொண்டே போயிற்று. அந்தச் சாலையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி நடந்ததில்லை.

அவர்கள் குப்பத்துக்கு வந்தபோது துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியாகிவிட்டது. கடல் முத்தம்மாவின் வாசற்படியில் நுரை வைத்திருந்தது. கார்த்திகை பிறந்த அன்று விடியலிலேயே நர்மதாவுக்கு வலி கண்டுவிட்டது. சாலையில் தண்ணீர் நின்றதால் ஆட்டோ எதுவும் உள்ளே வரவில்லை. காத்தூன் பீவி கூப்பிடாமலே வந்து, கையைக் கழுவிக்கொண்டு, முத்தம்மாவை வெளியே போகச் சொல்லிவிட்டாள். வெளியே வந்த முத்தம்மா மழையில் நின்று பார்த்தாள். டில்லிபாபு சேற்றில் மல்லாந்து படுத்து, பெல்ட்டை நடுவில் முறுக்கி எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ரகுபதி அவர் முகத்தில் மழை படாமல் ஒரு மீன் கூடையைப் பிடித்திருந்தார். ஞானம் சிலுவை போட்டுக்கொண்டார். ரகுபதி அங்காளம்மனை நினைத்தார். டில்லிபாபு எதையும் நினைக்கவில்லை, பெல்ட் கழன்றுவிடக் கூடாது என்பதை மட்டும் நினைத்தார். அதுவும் பிரார்த்தனைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஞானம் கயிற்றை இழுத்தார். எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

முதலில் தவளைகள் வந்தன. பிறகு ஒரு நண்டு. பிறகு, வண்டியின் பின்னால், ஈர மணலைக் கீறிக்கொண்டு கோரை எழுந்தது. ஆள் உயரம், நெருக்கமாக, அடியில் சடையங்குப்பத்துக் கருஞ்சேற்றோடு எழுந்தது. ஒரு கொக்கு நடுவில் ஒற்றைக்காலில் நின்றபடியே அதனோடு உயர்ந்தது. ஞானம் போனார், திரும்பினார், போனார். அலை பெரிதாக எழும்பி வந்தது, கோரைக்குள் நுழைந்தது, உள்ளேயே வேகம் குறைந்து, மறுபக்கம் வெளியே வந்தபோது ஒரு சொம்பில் பிடிக்கலாம் போல இருந்தது. அது வாசற்படி அருகில் வந்து நாய் படுப்பதுபோலப் படுத்துக்கொண்டது. அந்த நேரத்தில் உள்ளே குழந்தை அழுதது. காத்தூன் பீவி கதவைத் திறந்து, பெண் குழந்தை, தாய்க்குக் குறையில்லை என்று சொல்லிவிட்டு, வாசலில் கிடந்த அலையிலேயே காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போகும்போது ஆட்டைக் கட்டிப்போட்டாள். அவள் ஆட்டைக் கட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த மழையில் சடையங்குப்பத்தில் சங்கமித்ராவின் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. எல்லோரும் கட்டில்களில் படுப்பதற்காகவே படுத்தார்கள்.

அதற்குப் பிறகு வருஷந்தோறும் அப்படியே நடக்கிறது. ஆவணியில் பெல்ட்டை நேராக்கிச் சடையங்குப்பத்தில் வெட்டுகிறார்கள். ஐப்பசியில் எட்டுப் போட்டுக் குப்பத்தில் விடுகிறார்கள். கோடையில் தும்பிக்கைப் பெட்டியை மாட்டி ரகுபதி ஐஸ் வேலைக்கு எடுத்துப் போகிறார். 2003இல் அரசாங்கத்தார் கடற்கரையில் கருங்கல் கொட்ட வந்தபோது, மேற்பார்வை பார்த்தவர் கடலோரத்தில் கோரையும் கொக்கும் எப்படி என்று கேட்டார். சடையங்குப்பத்திலிருந்து வந்தது என்று சொன்னார்கள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, கோரை முடியும் இடத்திலிருந்து கல்லைக் கொட்டச் சொன்னார். டில்லிபாபுவுக்கு ஒரு பழைய கடையில் அந்த வண்டிக்கே உரிய சரியான நீளத்துப் பெல்ட் ஒருமுறை கிடைத்தது. வாங்கிவந்து பட்டறையில் ஆணியில் மாட்டியிருக்கிறார், அதை இன்னும் வண்டியில் போடவில்லை. நர்மதா இரண்டாம் பிரசவத்துக்கும் தாய்வீட்டுக்கே வந்தாள், அதற்கு மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. இப்போதும் கார்த்திகை மாதத்தில் கடல் பொங்கினால், முத்தம்மா வீட்டு வாசலில் சின்ன அலை ஒன்று வந்து படுத்துக்கிடக்கும். அவள் மீன் கழுவிய தண்ணீரை அதன் மேல் ஊற்றி, "போ, போ, வேலைய பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள்.